டொபியும் சல்லியும்: மிச்சக் காசின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒன்பதாம் தர வகுப்பில் ஒல்லாந்தர் காலத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின் வாங்கில் ஒருவன் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். "என்னடா வாயில?" என்றேன். "டொபி சேர். கடையில மிச்சக் காசு இல்லண்டு தந்த" என்றான். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் முன்வாங்கில் இருந்த இன்னொருவன் கையை உயர்த்தினான்.

"சேர், பத்து டொபி சேத்துக் கொண்டு போனா அந்தக் காக்கா ஒரு பேனை தருவாரா?"

"தரமாட்டாரு!" என்று பல குரல்கள்.

"அப்ப அது சல்லி இல்லயே சேர். அவர் நமக்குத் தரலாம், நாம அவருக்குக் குடுக்க ஏலாது."

மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காசின் வரலாற்றைப் பற்றி நான் வாசித்த புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவன் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டான். அவனுக்கு நான் கடன்பட்ட பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் அவன் பாவித்த சொல்லையே எடுப்போம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நம் பக்கம் எங்கு போனாலும் பணத்துக்குச் சல்லி என்றுதான் பேர். "கையில சல்லி இல்ல", "சல்லிக்காரன்", "சல்லி மாத்தணும்". சிங்களத்திலும் அதுதான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி வெளியிட்ட மிகச் சிறிய செப்புக் காசுக்கு அவர்களின் மொழியில் டுயிட் என்று பேர். நம் நாட்டில் அதைச் சல்லி என்றார்கள். நாலு சல்லி ஒரு ஸ்டைவர், நாற்பத்தெட்டு ஸ்டைவர் ஒரு ரிக்ஸ்டொலர். ரிக்ஸ்டொலரைப் பழைய தமிழ்ப் பத்திரங்களில் இறைசால் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டார் சொல்லும் துட்டும் இதே டுயிட்டோடு உறவுள்ள சொல்தான் என்பது பலரின் கருத்து. மலாய்க்காரர் இன்றைக்கும் காசை டுயிட் என்றே சொல்கிறார்கள்.

கவனியுங்கள். இறைசால் என்ற பெரிய காசின் பேர் செத்துவிட்டது. ஆகச் சிறிய செப்புக் காசின் பேர் இன்னும் நம் வாயில் இருக்கிறது. நம் மூதாதையரின் கைக்கு எந்தக் காசு வந்துபோனது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

ஒல்லாந்தருக்கே இந்தச் சில்லறை பெரிய தலையிடியாக இருந்தது. 1785இல் ஜப்பானியச் செம்புக் கட்டிகளை வெட்டி, 4¾ ஸ்டைவர் என்று முத்திரை குத்திக் காசாக விட்டார்கள். காசென்றா சொல்வது? விரல் மொத்தத்தில் ஒரு செம்புத் துண்டு. அதே ஆண்டில் கடதாசிப் பணமும் விட்டார்கள். பிறகு கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், நம் கிழக்கில் திருகோணமலை ஆகிய இடங்களில் செப்பு ஸ்டைவர்களை அடித்தார்கள். எந்த ஊரில் அடித்தது என்று காசிலேயே ஓர் எழுத்து இருக்கும்.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களும் ஆரம்பத்தில் இறைசால் கணக்கையே வைத்துக்கொண்டு, யானை பொறித்த செப்புக் காசுகளை அடித்தார்கள். 1825இல் இங்கிலாந்துப் பணத்தைக் கொண்டுவந்து, ஓர் இறைசால் 18 பென்ஸ் என்று விலை வைத்தார்கள். இனிமேல் கணக்கு என்னவாகும் என்று என் பிள்ளைகளிடம் கேட்டேன். 18 பென்ஸ் என்றால் 72 பார்திங். அதை 48 ஸ்டைவருக்குப் பிரித்தால் ஒரு ஸ்டைவர் ஒன்றரைப் பார்திங். இங்கிலாந்திலோ பார்திங்தான் ஆகச் சிறிய காசு. அரைப் பார்திங்குக்கு எங்கே போவது? அதனால்தான் 1828இல் தொடங்கி இலங்கைக்கென்றே அரைப் பார்திங் காசை அடித்தார்கள். பிறகு கால் பார்திங்கும் வந்தது. ஒரு பவுணுக்கு 3840 கால் பார்திங்! இங்கிலாந்து மக்கள் அந்தக் கால் பார்திங்கைத் தங்கள் கடைகளில் கண்டதே இல்லை. அது நமக்காக அடித்த காசு. ஏழை நாட்டுக்கு ஏழைக் காசு.

ஆனால் அது போதவில்லை. எந்த அரசாங்கத்துக்கும் சில்லறை அடிப்பதில் விருப்பம் குறைவு. ஒரு பெரிய காசை அடிக்கும் வேலையும் ஒரு சின்னக் காசை அடிக்கும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இலாபம் மட்டும் மலையும் மடுவும். கப்பலில் ஏற்றினால் பாரம் அதிகம், பெறுமதி கொஞ்சம். சில்லறை இல்லாமல் தவிப்பவன் கச்சேரிக்குப் போய்ச் சத்தம் போடுபவனும் இல்லை. பெரிய வியாபாரி உண்டியலிலும் வெள்ளி ரூபாயிலும் கொடுக்கல் வாங்கல் செய்துகொள்வான். உப்பும் வெற்றிலையும் வாங்கப் போகிறவனுக்குத்தான் தொந்தரவு.

இந்த இடைவெளிக்குள்தான் வியாபாரிகள் தங்கள் சொந்தத் தகடுகளோடு நுழைந்தார்கள்.

தேயிலைக்கு முன்பு இந்த நாடு கோப்பி நாடு. 1830களில் தொடங்கி நாற்பது ஆண்டுகள் மலைநாடு முழுக்கக் கோப்பி. மலையில் பறித்த கோப்பி, தோல் நீக்கி, மேலே காகிதம் போன்ற உமியோடு கொழும்புக்கு இறங்கும். 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை எல்லாம் மாட்டு வண்டியில்தான். (வண்டிப்பாதை இல்லாத இடங்களில் நம்மவர்களின் தவளம், அதாவது பொதிமாட்டு அணி. உப்பும் கருவாடும் மேலே ஏற்றி, மலைச் சாமான் கீழே இறக்கிய அந்தத் தவளக்காரர்களின் கதை தனியாக எழுத வேண்டியது.) கொழும்பில் இருந்த கோப்பி ஆலைகளில் அதை வெயிலில் காயப்போட்டு, உமி நீக்கி, பருமன் பார்த்துப் பிரித்து, கடைசியில் உடைந்ததையும் கறுத்ததையும் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்தப் பொறுக்கும் வேலை முழுக்கப் பெண்களுடையது. நிலத்தில் வரிசையாகக் குந்தியிருந்து நாள் முழுக்கப் பொறுக்குவார்கள்.

அவர்களுக்கு நாட்கூலி சில பென்ஸ். இங்கே நாம் ஒரு கணக்குப் போடுவோம். ஆலையில் 200 பெண்கள், ஆளுக்கு 4 பென்ஸ் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 800 பென்ஸ். அந்தக் காலத்துச் செப்புப் பென்னி ஒன்று ஏறக்குறைய 19 கிராம். ஆக 15 கிலோ செம்பு, ஒவ்வொரு நாளும். அரைப் பார்திங்கில் கொடுப்பதானால் 6400 காசு எண்ண வேண்டும். எங்கே கிடைக்கும் இவ்வளவு சில்லறை? யார் எண்ணுவது?

ஆலைக்காரர்கள் செம்பிலும் பித்தளையிலும் வட்டத் தகடு அடித்தார்கள். அதில் கம்பனியின் பேர், ஆலையின் பேர். ஜோர்ஜ் ஸ்டுவார்ட் போன்ற பெரிய கம்பனிகளின் பேர்கள் அந்தத் தகடுகளில் உண்டு. வேகந்தை ஆலை என்று பொறித்தது உண்டு. கொம்பனித்தெருவில் வேகந்தைப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஹல்ஸ்டோர்ப் ஆலை என்று பொறித்ததும் உண்டு, நாம் புதுக்கடை என்கிறோமே, அந்த இடம். வேலை முடித்த பெண்ணின் கையில் அந்தத் தகட்டை வைப்பார்கள். பிறகு ஆலையின் மேசைக்கு அவற்றைக் கொண்டுவந்து காசாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கல்லில் இரண்டு மாங்காய். யார் எவ்வளவு வேலை செய்தார் என்பதற்குத் தகடே கணக்கு, எழுதத் தேவையில்லை. காசு கொடுப்பதும் தள்ளிப்போகிறது. இரும்புப் பெட்டிக்குள் காசு, வேலைக்காரியின் முந்தானையில் தகடு.

ஆனால் அடுப்புக்குத் தவணை தெரியாது. இன்றைக்கு அரிசி வேண்டும். அந்தப் பெண் தகட்டைப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரருக்கு ஆலையைத் தெரியும், வெள்ளைக்காரக் கம்பனியைத் தெரியும், எடுத்துக்கொள்கிறார். அவர் அதை இன்னொருவருக்கு மிச்சமாகக் கொடுக்கிறார். இப்படித்தான் கணக்குத் தகடு சில்லறைக் காசாகிவிட்டது. ஆலைக்குப் போய் மாற்றும் சிரமத்துக்காகக் கடைக்காரர் ஏதும் கழித்துக்கொள்ளாமல் விட்டிருப்பார் என்று நம்ப நான் அவ்வளவு அப்பாவி இல்லை. நானும் கடைக்காரர் ஒருவரின் மகன்தான்.

இது இலங்கைக்கு மட்டும் நடந்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்திலேயே 1780களில் செப்புக் காசுக்குப் பெரும் பஞ்சம். அரச தங்கசாலை கவனிக்கவில்லை. 1787இல் அங்கிள்சி தீவின் பாரிஸ் செப்புச் சுரங்கக் கம்பனி சொந்தமாகப் பென்னி அடித்தது. அந்தக் காசின் விளிம்பில், கேட்டவுடன் லண்டனிலோ லிவர்பூலிலோ அங்கிள்சியிலோ பணம் தரப்படும் என்ற உறுதி வெட்டப்பட்டிருந்தது. அந்த விளிம்பு எழுத்துதான் என் மாணவனின் கேள்விக்கு விடை. "திருப்பிக் கொண்டுவா, நான் எடுப்பேன்" என்று தந்தவன் சொல்ல வேண்டும். பிறகு 1817இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தனியார் தகடுகளை நிறுத்தியது. 1831இல் இன்னொரு சட்டம் வந்தது. பல தொழில்களில் வேலையாளுக்குக் கூலியைச் சாமானாகக் கொடுக்காமல் நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்றது. அங்கே முதலாளிகள் தங்கள் கடையிலேயே சாமான் வாங்க வைத்துத் தொழிலாளியைப் பிழிந்ததால் வந்த சட்டம் அது. சட்டம் கப்பலேறி இங்கே வரவில்லை. கோப்பி ஆலைகளில் தகடு புழங்கியது அதற்குப் பிந்திய காலத்தில்.

கிழக்கே பார்த்தால் இன்னும் சுவை. சிங்கப்பூரில் இருந்த வியாபாரிகள் இங்கிலாந்தில் ஓடர் கொடுத்துச் செப்புக் காசு அடித்துவந்து மலாய்த் தீவுகளில் புழங்கவிட்டார்கள். அதில் சேவல் படம், ஜாவி எழுத்தில் "தானா மெலாயு", அதாவது மலாய் நாடு. கூடவே ஹிஜ்ரி 1247 என்று ஆண்டு. பார்த்தால் ஏதோ ஒரு சுல்தான் வெளியிட்ட காசு என்றுதான் நினைப்பீர்கள். எந்தச் சுல்தானும் இல்லை. வெள்ளைக்கார வியாபாரி நம் எழுத்தையும் நம் ஆண்டையும் போட்டு நம்பிக்கையை வாங்கிக்கொண்டான். மலாய் மக்கள் அதை "டுயிட் ஆயம்", கோழித் துட்டு என்றார்கள். பேர் வைத்தவர் விஷயம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தனியார் காசு என்றாலே மோசம் என்றும் நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டிலேயே அதற்கு முன்னுதாரணம் உண்டு, அதுவும் நேர்மையானது. றொபேர்ட் நொக்ஸை எல்லாருக்கும் தெரியும். 1660இல் நம் கிழக்கில் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் இருந்து தப்பிப் போனவர். 1681இல் வந்த அவருடைய புத்தகத்தில் தூண்டில் போல வளைந்த வெள்ளிக் காசு ஒன்றைப் பற்றி எழுதுகிறார். மன்னரின் அனுமதியோடு யாரும் அதைச் செய்யலாம், விரும்பிய அடையாளத்தைக் குத்தலாம். சந்தேகம் வந்தால்? நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். சுத்த வெள்ளையாக வந்தால் நல்ல காசு, இல்லாவிட்டால் செல்லாது. அந்தக் காசின் பூர்வீகம் பாரசீகத்தின் லார் நகரம். வளைகுடாவில் இருந்து முஸ்லிம் வியாபாரிகளின் கப்பல்களில் வந்தது. மாலைதீவில் இன்றும் ஒரு ரூபியா நூறு லாரி, அந்த லாரி இந்த லார்தான்.

நொக்ஸ் கண்ட காசையும் கோப்பி ஆலைத் தகட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் தனியார் அடித்தது. ஆனால் தூண்டில் காசின் பெறுமதி அதன் வெள்ளிக்குள் இருந்தது. அடித்தவன் செத்தாலும், ஊரை விட்டு ஓடினாலும் வெள்ளி வெள்ளிதான். அதை ஏழையும் நெருப்பில் போட்டுப் பார்க்கலாம். ஆலைத் தகட்டின் பெறுமதி ஆலைக்காரனின் வாக்குக்குள் இருந்தது. அந்த வாக்கைக் காய்ச்சிப் பார்க்க அந்தப் பெண்ணிடம் எந்த நெருப்பும் இல்லை.

அந்த வாக்குக்குச் சோதனையும் வந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொட்டு கண்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் கோப்பி முடிந்தது. தோட்டங்கள் கைமாறின, கம்பனிகள் விழுந்தன. 1884 மே மாதம் 3ஆம் திகதி ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. இந்த நாட்டில் புழங்கிய கடதாசிப் பணத்தில் பெரும்பங்கு அந்த வங்கியின் நோட்டு. அதுவும் தனியார் வாக்குத்தான், தகட்டுக்குப் பதிலாகக் கடதாசியில். நாடே கலங்கியது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். நல்ல காரியம், துணிச்சலான காரியம், நான் குறை சொல்லவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து அரசாங்கமே நோட்டு வெளியிட்டது. ஆனால் நோட்டு வைத்திருந்தவர்கள் யார்? வியாபாரி, தோட்டத்துரை, உத்தியோகத்தர். பித்தளைத் தகடு வைத்திருந்தவளுக்கு எந்த ஆளுநர் வருவார்?

தகடுகளின் தேவை அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. 1872இல் ரூபாயும் சதமும் வந்தன. 1870 என்று பொறித்த செப்புக் காசுகள் கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் என்று நான்கு வகை. ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் மரம், அருகில் தமிழிலும் சிங்களத்திலும் பெறுமதி. கால் சதம் என்றால் ஒரு ரூபாயில் நானூறில் ஒன்று. என் உம்மும்மாவின் வெற்றிலை வட்டாவில் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரைச் சதம் எப்போதும் கிடந்தது. "இதுக்கு என்ன உம்மும்மா வாங்கலாம்?" என்று சின்னதில் கேட்டிருக்கிறேன். "ஒண்டும் வாங்க ஏலா மகன், ஆனா இது பொய் சொல்லா" என்றார். அப்போது விளங்கவில்லை.

அரசாங்கத்தின் சில்லறையும் ஒருமுறை தட்டுப்பட்டது. 1942இல் யப்பான் விமானங்கள் ஏப்ரல் 5 கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. யுத்தத்துக்கு உலோகம் தேவை, காசுக்கு இல்லை. அந்த ஆண்டில் அரசாங்கம் ஐந்து சதத்துக்குக் கடதாசி நோட்டு அடித்தது. நடுவில் தபால் முத்திரையில் இருப்பதுபோலத் துளை. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றத் துண்டு மூன்று சதம். மூன்று சதத்துக்குச் சாமான் வாங்கினால் நோட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சட்டைப் பையில் போடலாம். கடைக்காரர் டொபி தேட வேண்டியதில்லை.

நம் கரையில் கோப்பி ஆலை இல்லை, தகடும் அடிக்கவில்லை. அப்படியானால் நம்மவர்கள் சில்லறை இல்லாமல் எப்படிக் காலம் தள்ளினார்கள்? நெல்லால். வயலில் வெட்டியவனுக்கும் சூடு மிதித்தவனுக்கும் களவெட்டியிலேயே மரைக்கால் கணக்கில் கூலி. போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் நடுவில் அவணக் கணக்கு. ஒஸ்தாவுக்கும் வண்ணானுக்கும் அறுவடைக்கு அறுவடை நெல். ஒரு கொத்து நெல்லைக் கடைக்குக் கொண்டுபோய்த் தேங்காயெண்ணெய் வாங்கிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நெல்லும் தூண்டில் காசு மாதிரித்தான், கையில் அள்ளிப் பார்த்தால் பதர் எது மணி எது என்று தெரிந்துவிடும். ஆனால் அளக்கும் மரைக்கால் யார் வீட்டு மரைக்கால் என்பதில் விளையாட்டு இருந்தது. வாங்கும்போது ஒரு மரைக்கால், கொடுக்கும்போது ஒரு மரைக்கால் வைத்திருந்தவர்களைப் பற்றியும் பெரியவர்கள் சொல்வார்கள். பேர் சொல்லமாட்டார்கள்.

நெல்லுக்குப் பிறகு வந்தது கடைக் கொப்பி. என் வாப்பாவின் கடையில் நீளமான கொப்பி ஒன்று சணல் கயிற்றில் தொங்கும். மாரியில் கடலுக்குப் போகாதவர்களின் பற்றெல்லாம் அதில்தான். மூன்று ரூபாய் மிச்சம் கொடுக்கச் சில்லறை இல்லாவிட்டால், அதையும் அவர்களின் பேருக்கு நேரே வரவு எழுதுவார். சுனாமியில் கடையும் போய்க் கொப்பியும் போனது. அதற்குப் பிறகு பலர் கூடாரத்துக்குத் தேடி வந்து "உங்கட வாப்பாக்கு நான் இவ்வளவு குடுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் வரவில்லை. வாப்பாவும் தான் கொடுக்க வேண்டியவர்களை நினைவில் இருந்து ஒவ்வொருவராகச் சொல்ல, நான் எழுதினேன்.

ஒரு வேண்டுகோள். பெட்டகத்தின் அடியிலோ, பழைய தையல் பெட்டியிலோ பேர் பொறித்த வட்டத் தகடு, துளை போட்ட செப்புக் காசு, கிழிந்த மூன்று சத நோட்டு ஏதும் கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், தேய்த்தால் எழுத்துப் போய்விடும். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

முன்வாங்குப் பையனின் கதையை முடிக்கவில்லையே. அவன் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளில் ஆறு டொபி சேர்த்துக்கொண்டு அதே கடைக்குப் போயிருக்கிறான். "காக்கா, இத எடுத்துட்டு ஒரு பென்சில் தாங்க." கடைக்காரர் முதலில் முறைத்தாராம், பிறகு சிரித்தாராம். டொபியை எடுக்கவில்லை. பிஸ்கட் பெட்டியின் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, "5/-" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்து, "இனி மிச்சம் இல்லாட்டி இதத்தான் தருவன், திருப்பிக் கொண்டா, சாமான் தாறன்" என்றாராம்.

மறுநாள் அதை வகுப்பில் உயர்த்திக் காட்டினான். "சேர், கோப்பி ஆலத் தகடு!"

"சரி மகன். நாளைக்குக் கடையில அவர் இல்லாம அவர்ர மகன் இருந்தா?"

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கையெழுத்து இருக்கே சேர்" என்றான், கொஞ்சம் யோசனையோடு.

அந்த அட்டை இன்னும் அவனுடைய வரலாற்றுக் கொப்பிக்குள் இருக்கிறது. மாற்றவில்லை.